பார்மாவுக்குப் பெயர் உண்டு, பாகூருக்கு?

சென்ற மாதம் பேரன் பிறந்தநாளுக்கு, குயிலாப்பாளையத்தில் ஆரோவில் போகும் சாலையில் இருக்கும் 'டான்டோ' இத்தாலிய உணவகத்துக்கு மகன் எங்களைக் கூட்டிப் போனான். ஒரே கூட்டம். விறகு அடுப்பில் வேகும் பீட்சா வாசனைக்குப் பேரன் துள்ளினான். எனக்கோ களத்தில் காயும் நெல் மேலதான் நினைப்பு.

துருவிய சீஸைத் தூவிக்கொண்டே மருமகள் சொன்னாள்: "மாமா, பார்மிசான்ங்கிறது ஊர் பேருல வந்தது. இத்தாலியில பார்மான்னு ஒரு ஊரு."

வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். எப்போதோ படித்த ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. அந்தப் பக்கம் கிரெடிட்டோ எமிலியானோ என்ற வங்கி, இந்தச் சீஸையே அடமானமாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கிறது! ஒரு சக்கரம் ஏறக்குறைய 40 கிலோ. குறைந்தது 12 மாதமாவது பழுக்க வேண்டும். அதுவரை கைச்செலவுக்கு என்ன வழி? சரக்கு வங்கிக் கிடங்கில் பழுக்கிறது. காசு உற்பத்தியாளர் கைக்கு வந்துவிடுகிறது.

நான் என்ன செய்தேன்? நடவுக்குப் பணம் கேட்டு வந்தவரிடம் "நகை இருக்கா?" என்றுதான் கேட்டேன். படிவத்தில் பயிர் 'நெல்' என்று எழுதினேன். என்ன நெல் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கிடங்கு ரசீதின் பேரில் கடன் நம் நாட்டிலும் உண்டுதான். ஆனால் பெயரில்லாத நெல்லுக்கு யார் கூடுதல் மதிப்புப் போடுவார்?

பார்மாவுக்கு அந்த மதிப்பு சும்மா வரவில்லை. உற்பத்தியாளர்கள் 1934-லேயே கூட்டமைப்பு வைத்துக்கொண்டார்கள். குறிப்பிட்ட மாவட்டங்களில் செய்தால்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு சக்கரத்தையும் சின்னச் சுத்தியலால் தட்டிச் சோதிக்கிறார்கள். தேறாவிட்டால் மேலே இருக்கும் முத்திரையை அழித்துவிடுகிறார்கள். நஷ்டம் அவர்களுக்கே. ஆனாலும் செய்கிறார்கள்.

நம் கதை என்ன? பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்கிறோம். களத்துக்கு வரும் வியாபாரி என் கிச்சிலிச் சம்பாவையும் உரம் போட்ட நெல்லையும் ஒரே வண்டியில் ஏற்றுகிறார். கடையில் தொங்கும் பையில் மில்லின் பெயர் இருக்கிறது. ஊர் பெயர் இல்லை. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதே மண்ணில் விளையும் நெல்லுக்காக நாம் இன்னும் ஒன்றுகூடவே இல்லை.

"குறியீடு வாங்கினா விலை வந்துடுமா?" என்று நண்பர் கேட்டார். வராது. காகிதம் கடைசியில் வரட்டும். முதலில் பத்துப் பேர் சேர்வோம். ஒரே ரகம், ஒரே முறை. பங்கேற்பு உத்தரவாதத் திட்டத்தில் செய்வதுபோல ஒருவர் வயலை மற்றவர் பார்ப்போம். பையில் ரகம், ஊர், அறுவடை மாதம் மூன்றையும் அச்சடிப்போம். தேறாத மூட்டைக்கு அந்தப் பை கிடையாது, அது என் மூட்டையாகவே இருந்தாலும்.

இதில் கடைசி நிபந்தனைதான் கஷ்டம். பக்கத்து வயல்காரரிடம் "உங்க நெல்லு தேறல அண்ணே" என்று சொல்லவும் வேண்டும், அவர் சொன்னால் நாம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். சம்பா அறுவடைக்குள் பத்துப் பேர் கிடைப்பார்களா? முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.