பச்சிலை என்றால் பயமில்லையா?

இடம்பெயர்ந்தபோது நாம் விட்டுவந்தது காணியையும் கிணற்றையும் மட்டுமல்ல. வேலியோரத்து மூலிகைகளையும், அவற்றை அடையாளம் காட்டித் தந்த பரியாரியாரையும் அம்மம்மாமாரையும் பிரிந்து வந்தோம். இன்று புதிய இடத்திலே, பெயர் கேள்விப்பட்ட செடியொன்றைக் கண்டால், "பச்சிலைதானே, என்ன செய்யப்போகிறது?" என்று அவித்துக் குடித்துவிடுகிறோம். இந்த எண்ணத்தை நாம் மாற்றியாக வேண்டும்.

கடைகளில் விற்கும் மூலிகைப் பொதிகளில் 'அன்ரிஒக்சிடன்ற்' நிறைந்தது என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். உடற்கலங்களைச் சிதைக்கும் தாக்கங்களைத் தணிக்கவல்ல பொருட்களையே அப்படிச் சொல்கிறார்கள். அநேகமான தாவரங்களில் அவை உண்டு. ஆனால் அந்தச் சக்தியைப் பெரும்பாலும் ஆய்வுகூடக் குழாயில், சாற்றை நிறப்பொருளொன்றுடன் கலந்தே அளக்கிறார்கள். குழாய்க்கு ஈரலுமில்லை, சிறுநீரகமுமில்லை. ஒரே இலையில் நல்லதும் நஞ்சும் சேர்ந்தே இருக்கலாம்.

இலங்கையில் மருந்துக்குப் பயன்படும் 50 மூலிகைகளைச் சோதித்த ஆய்வொன்று 1981 இல் வெளிவந்தது. ஈரலைப் பாதிக்கும் ஒருவகை நஞ்சு மூன்று மூலிகைகளில் இருப்பதாக அது காட்டியது. அவற்றுள் ஒன்று, நாம் தேநீராகக் குடிக்கும் ஆவரசு. உணவிற் சேர்த்துக் கொடுத்தபோது எலிகளின் ஈரல் பழுதடைந்தது. ஒரு கோப்பை குடித்தவருக்குக் கேடு வரும் என்பதல்ல இதன் பொருள். நாள்தோறும், மாதக்கணக்கில் குடிக்குமுன் யோசிக்க வேண்டும் என்பதே.

பெயர் மயக்கமும் ஆளைக் கெடுக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில், உடல் மெலிய மூலிகைக் குளிசை எடுத்த பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. சீனப் பெயர் ஒத்திருந்ததால் ஒரு மூலிகைக்குப் பதிலாக வேறொன்று கலந்துவிட்டது. அப்படிக் கலந்த செடியின் இனத்தைச் சேர்ந்தவையே எமது ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும். இவ்வினத்திலுள்ள அமிலம் புற்றுநோயையும் உண்டாக்கவல்லது.

சித்த வைத்தியத்தை நாம் குறை சொல்லவில்லை. நச்சு மூலிகையைச் சுத்தி செய்யாமல் நல்ல பரியாரியார் எவரும் மருந்துக்கு எடுப்பதில்லை. எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த அறிவு இல்லாத இலை வெறும் இலைதான்.

ஆகவே சில காரியங்களை இன்றே தொடங்குவோம். முதியவர்களோடு பிள்ளைகளை அனுப்பி, செடிகளை நேரே காட்டிப் பழக்குவோம். ஐயமுள்ள செடியைத் தொடாமல், தூதுவளை, வல்லாரை, கற்பூரவள்ளி போன்ற நன்கறிந்தவற்றை வளவிலே நடுவோம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் கேட்டறியாமல் கசாயம் கொடுக்காதிருப்போம். வைத்தியசாலைக்குப் போனால், குடித்த மூலிகையை மறைக்காமல் டொக்டரிடம் சொல்வோம். பாம்பு கடித்தால் வேர் தேடி நேரத்தைப் போக்காமல் வைத்தியசாலைக்கே ஓடுவோம்.

இழந்த காணி திரும்பக் கிடைக்கலாம். முதியவர்களோடு மறையும் அறிவு திரும்பி வராது.