தூக்க ஆவியும் ஒன்றரை ஷிப்ட்டும்

முதல்லயே சொல்லிடறேன், இது கடவுள் இருக்காரா இல்லையாங்கற பதிவு இல்லை. அந்தச் சண்டைக்கு வேற நல்ல ஆளுங்க இருக்காங்க. இது தினமும் பைபிளைத் திறந்து வச்சுக்கிட்டு, மூணாவது வசனத்துலயே மனசு எங்கயோ போயிடுதேன்னு கவலைப்படறவங்களுக்காக எழுதறது. அதைவிட முக்கியமா, அந்தக் கவலையை ஞாயித்துக்கிழமைதோறும் கிலோ கணக்குல விநியோகம் பண்ற ஐயாமாருக்காக எழுதறது. மத்த நண்பர்கள் பைபிள்ங்கற இடத்துல அவங்கவங்க பாராயணத்தைப் போட்டுப் படிச்சுக்கலாம். பெரிசா வித்தியாசம் இருக்காது.

எங்க லைன் வீட்டுல ஒரு அக்கா இருக்காங்க. ஓவர்லாக் டைலர். திருப்பூர்க்காரங்களுக்கு விளக்க வேண்டாம், வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்றேன். இங்க காலைல எட்டரைக்குப் போனா சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை வரைக்கும் இழுத்தா ஒன்றரை. சனிக்கிழமை கூலி வாங்கும்போது எத்தனை ஷிப்ட்டுன்னுதான் கணக்கு. ஷிப்மென்ட் நெருங்கிட்டா ஒன்றரை எல்லாம் சாதாரணம். அக்கா வீட்டுக்கு வந்து, சோறு வச்சு, பிள்ளைகளுக்குப் போட்டு, துணி துவைச்சுப் படுக்க பதினொன்றரை ஆகும். தண்ணி வர்ற அன்னைக்கு அதுவும் கிடையாது.

அவங்க போற சபையில (எந்த சபைன்னு சொல்லப் போறதில்லை, கேக்காதீங்க) புது வருஷத்துக்கு எல்லாருக்கும் ஒரு அட்டை குடுத்தாங்க. ஒரு வருஷத்துல முழு பைபிளையும் முடிக்கற அட்டவணை. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு ஒரு மணி நேரம் 'தனி தியானம்'. அக்கா எந்திரிச்சாங்க. ஆதியாகமம் கதையா இருந்ததால ஓடிச்சு. யாத்திராகமத்துல பாதி ஓடிச்சு. ஆசரிப்புக் கூடாரத்தோட அளவு வந்ததும் தடுமாற ஆரம்பிச்சு, லேவியராகமத்துல தினமும் புத்தகத்து மேலயே தலை சாஞ்சு தூங்கிட்டாங்க. சபையில போய் உண்மையைச் சொன்னாங்க. பாவம், சொல்லியிருக்கக் கூடாது. 'உங்க மேல தூக்க ஆவி இருக்கு'ன்னு தலையில கை வச்சு ஜெபம் பண்ணியிருக்காங்க. ஆவி போகலை. எப்படிப் போகும்? அது ஆவியே இல்லையே, நாலரை மணி நேரத் தூக்கம்! அதுக்கப்புறம் அக்கா, நமக்குத் தகுதி இல்லைன்னு அவங்களே முடிவு பண்ணி, மூணு மாசம் திருவிருந்து எடுக்காம பின்வரிசையில உக்காந்துட்டு வந்துட்டாங்க. இதைக் கேள்விப்பட்ட அன்னைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கே... அது இன்னும் ஆறலை. அதான் இந்தப் பதிவு.

நான் பொழப்புக்குச் செக்கிங்ல இருக்கறவன். துணி பார்க்கறது, பீஸ் பார்க்கறது. அதாவது, கவனத்தை வித்துச் சாப்பிடறவன். கவனம்னா என்னன்னு எங்க தொழிலுக்குத் தெரிஞ்ச அளவுக்குக்கூட அந்தப் பிரசங்க பீடத்துக்குத் தெரியலைங்கறதுதான் என் குற்றச்சாட்டு. துணி ரோல் ஓடற மிஷின்ல பின்னாடி லைட் இருக்கும். எதுக்கு? இருட்டுல எந்தக் கண்ணும் ஊசிக் கோட்டைப் பிடிக்காதுன்னு தெரிஞ்சுதான். ஓட்டற வேகத்தைக் கூட்டினா ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் தப்பிச்சிடும், அதனால வேகத்தைக் குறைப்போம். மத்தியானத்துக்கு மேல கண்ணு சொருகும். விவரமான சூப்பர்வைசர் ஆளை மாத்தி விடுவார், ஒரு டீ வாங்கிக் குடுப்பார். 'உன் மேல ஆவி இருக்கு'ன்னு எந்த சூப்பர்வைசரும் சொல்லி நான் கேட்டதில்லை (வேற என்னென்னவோ சொல்லியிருக்காங்க, அதை இங்க எழுத முடியாது :-)).

இன்னொண்ணு. ஏ.க்யூ.எல் 2.5-னு ஒரு கணக்கு, ஏற்றுமதிக்காரங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆர்டர் அளவைப் பொறுத்து, பெட்டிகள்ல இருந்து 200 பீஸ் எடுத்துப் பார்ப்பாங்க. அதுல 10 பீஸ் வரைக்கும் பெரிய குறை இருந்தாலும் லாட் பாஸ், 11 ஆனா ஃபெயில். காசுக்கு உயிரை வாங்கற வெள்ளைக்கார பையரே, மனுஷன் கை பட்டா குறை வரும்னு 200-க்கு 10 விட்டுக் குடுக்கறான். கிருபை, கிருபைன்னு மூச்சுக்கு முந்நூறு தடவை பேசறவங்க ஒண்ணைக்கூட விட மாட்டேங்கறாங்களே, இது என்னங்க நியாயம்?

'இயேசுவே அதிகாலையில இருட்டோட எந்திரிச்சு ஜெபிச்சாரே'ங்கறதுதான் எப்பவும் எடுத்து நீட்டற வசனம். மாற்கு முதல் அதிகாரம். சரி, இருக்கு. அதுக்குப் பத்துப் பதினஞ்சு வசனம் முன்னாடி பாருங்க, முந்தின நாள் ஓய்வுநாள். சூரியன் அஸ்தமிச்சப்புறம்தான் ஊர் ஜனம் வாசல்ல கூடுது. எங்க அக்காவுக்கு ஓய்வுநாளுக்கு மறுநாள் எந்திரிக்கச் சொன்னா எந்திரிச்சிருப்பாங்க. அதே மாற்கு, நாலாம் அதிகாரத்துல, புயல் அடிக்கற படகுல தலையணை வச்சு அசந்து தூங்கற இயேசுவையும் எழுதி வச்சிருக்கார். நாள் பூரா கரையில கூட்டத்துக்குப் போதிச்சுட்டு வந்த தூக்கம் அது. இந்த வசனத்தை வச்சு 'எல்லாரும் போய்த் தூங்குங்க'ன்னு ஒரு பிரசங்கம் நான் இதுவரைக்கும் கேட்டதில்லை.

எலியா சூரைச்செடிக்குக் கீழ, போதும் ஆண்டவரே, உயிரை எடுத்துக்கோன்னு படுத்துட்டார். தூதன் வந்தான். வந்து என்ன பண்ணினான்? வேதபாடம் எடுத்தானா? நெருப்புல சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணியும் வச்சு எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுட்டு மறுபடியும் படுத்தார். தூதன் திட்டலை. ரெண்டாவது தடவையும் சாப்பாடு போட்டான். அதுக்கப்புறம்தான் ஓரேப் மலை, மெல்லிய சத்தம் எல்லாம். துரோவாவுல பவுல் நடுராத்திரி வரைக்கும் பிரசங்கத்தை நீட்டினப்ப ஐத்திகுன்னு ஒரு பையன் ஜன்னல்ல உக்காந்தபடியே தூங்கி மூணாவது மாடியில இருந்து விழுந்தான். பவுல் கீழ ஓடிப் போய் அவனைக் கட்டிப் பிடிச்சார். தூக்க ஆவியை அதட்டினதா லூக்கா எழுதலை. கெத்செமனேல சீஷர்களை ஒரு மணி நேரம் விழிச்சிருக்க முடியலையான்னு கேட்டது உண்மைதான். ஆனா அதே மூச்சுல, ஆசை இருக்கு, உடம்புக்குத்தான் பலம் இல்லைன்னு அவங்களுக்கு வக்காலத்து வாங்கினதும் அவர்தான். முதல் பாதியை மட்டும் சொல்லிட்டு மைக்கை வைக்கறது என்ன பழக்கமோ.

அந்த அட்டவணைக்கு வருவோம். பைபிள்ல 1,189 அதிகாரம். வார நாள்ல மூணு, ஞாயித்துக்கிழமை அஞ்சுன்னு போனா வருஷத்துல முடிஞ்சிடும். இந்த அதிகாரப் பிரிவு மோசேக்கு மலையில குடுத்தது இல்லீங்க, 13-ம் நூற்றாண்டுல ஸ்டீபன் லாங்டன்னு ஒரு ஆள் படிக்கற வசதிக்காகப் பிரிச்சது. 117-ம் சங்கீதம் ரெண்டே வசனம், 119-ம் சங்கீதம் 176 வசனம், ரெண்டும் அட்டையில ஒரு கட்டம்தான். பீஸ் ரேட்ல குட்டிப் பாப்பா ஜட்டிக்கும் பெரியாள் ஜாக்கெட்டுக்கும் ஒரே கூலி போட்ட மாதிரி.

இந்த ஒரு வருஷ அட்டவணைகள்ல ரொம்பப் பேர் போனது ராபர்ட் மரே மெக்செய்ன் 1842-ல போட்டது. ஸ்காட்லாந்துல டண்டீங்கற ஊர். அதுவும் நம்ம ஊர் மாதிரி நூல், நெசவு, மில்லுன்னு ஓடின ஊர்தான், பின்னாடி வங்காளத்துச் சணலை நெய்ஞ்சே பெரிசானது. அந்த மனுஷன் அட்டவணை குடுக்கும்போதே அதோட ஆபத்துகளையும் சேர்த்து எழுதிக் குடுத்தார். சடங்காப் போயிடலாம், முடிச்சுட்டோம்னு கர்வம் வரலாம், கவனமில்லாம வாசிக்கலாம், சிலருக்குத் தாங்க முடியாத நுகமா ஆகிடலாம்னு. இவ்வளவையும் சொல்லிட்டுத்தான் அட்டவணையே வருது. மறு வருஷமே 29 வயசுல செத்துப் போனார். அவரோட கட்டங்களை எடுத்துக்கிட்டவங்க எச்சரிக்கையை மட்டும் கத்தரிச்சு எறிஞ்சுட்டாங்க. கட்டிங் மாஸ்டரா இருந்தா வேலையை விட்டு அனுப்பியிருப்போம்.

தனியா, அமைதியா, விடியக்காலையில ஒரு அறையில உக்காந்து வாசிச்சாத்தான் பக்திங்கறதே எங்க இருந்து வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? 'மார்னிங் வாட்ச்'ங்கற பேர்ல அது 1880கள்ல கேம்பிரிட்ஜ் மாணவர்கள்கிட்ட பரவின பழக்கம். நல்ல பழக்கம்தான், குறை சொல்லலை. ஆனா அவங்களுக்குத் தனி ரூம் இருந்தது. லைன் வீட்டுல பத்துக்குப் பத்துல அஞ்சு பேர், பக்கத்துச் சுவர்ல பவர் டேபிள் கடகடன்னு ஓடுது. எந்தக் கதவைச் சாத்தறது?

எங்க ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாத்தான்குளம் பக்கம். திருநெல்வேலிச் சீமையில மிஷனரி காலத்துல இருந்தே கிராமத்துக் கோயில்ல காலையும் சாயங்காலமும் மணி அடிக்கும், உபதேசியார் சத்தமா வாசிப்பார், பனை வேலைக்கும் வயல் வேலைக்கும் போறவங்க கேட்டுட்டுப் போவாங்க. ஆச்சிக்கு சங்கீதம் பாதி மனப்பாடம். ஒரு நாள்கூட 'தனி தியானம்' பண்ணினதில்லை. அவங்களுக்குப் பக்தி இல்லைன்னு எங்க ஊர்ல எவனாவது சொல்லட்டும் பார்ப்போம்.

சங்கீதம் ஒண்ணுல இரவும் பகலும் தியானிக்கறதுன்னு வருதே, அங்க எபிரேயத்துல இருக்கறது 'ஹாகா'ங்கற சொல். வாய்க்குள்ள முணுமுணுக்கறது. ஏசாயாவுல சிங்கம் உறுமறதுக்கும் புறா முனகறதுக்கும் அதே சொல்தான். கண்ணை மூடி அசையாம உக்கார்றது இல்லை, வாயில போட்டு மென்னுக்கிட்டே இருக்கறது. எத்தியோப்பிய மந்திரி ரதத்துல போகும்போது வாசிச்சது பிலிப்புவுக்குக் காதுல விழுந்ததுன்னா சத்தமா வாசிச்சிருக்கார்னுதானே அர்த்தம்? நாலாம் நூற்றாண்டுல அம்புரோஸ் உதடு அசையாம வாசிக்கறதைப் பார்த்து அகஸ்டின் அதைத் தனியா எழுதி வைக்கற அளவுக்கு, அவருக்கு அது கவனிக்க வேண்டிய விஷயமா இருந்திருக்கு.

இப்ப என் கதை. எனக்கு அக்கா மாதிரி சாக்கு கிடையாது. நான் ஏழு மணி நேரம் தூங்கறவன். என் பிரச்சினை போன். போன்ல பைபிள் ஆப் வச்சு வாசிச்சேன். ரோமர் அஞ்சுல நிக்கும்போது மேல இருந்து ஒரு மெசேஜ் எட்டிப் பார்க்கும், 'சார் ஷேடு மேட்ச் ஆகலை'. அவ்வளவுதான், பவுல் அங்கயே நிப்பார், நான் டையிங் யூனிட்டுக்குப் போயிடுவேன். இதையும் பிசாசு மேல போட்டுடலாம். போடாம, போனை அடுப்படி அலமாரியில வச்சுட்டு பழைய புத்தகத்தை எடுத்தேன். பக்கத்துல ஒரு துண்டுச் சீட்டு, பென்சில். நடுவுல 'ஷேடு கார்டு அனுப்பணும்'னு ஞாபகம் வந்தா அதை எழுதிட்டுத் திரும்பிடுவேன். எழுதலைன்னா அது போகாது, கதவைத் தட்டிக்கிட்டே இருக்கும். சத்தமா வாசிக்கறேன், பத்து வசனம், சில நாள் நாலு. 1871-ல வந்த பழைய மொழிபெயர்ப்புத் தமிழ் இன்னைக்கு யாரும் பேசற தமிழ் இல்லை, கண்ணால ஓட்டினா வழுக்கும். வாயால வாசிச்சா அந்த நீளமான வாக்கியங்கள்ல ஒரு தாளம் இருக்கறது தெரியும். முடியலையா, 1995 பொது மொழிபெயர்ப்பு இருக்கு, அதை எடுங்க. யார் வந்து கேக்கப் போறா?

இதையெல்லாம் ஒரு மூப்பர் அண்ணன்கிட்டச் சொன்னேன். 'அப்ப சோம்பேறிகளுக்கு லைசன்ஸ் குடுக்கறியா தம்பி?'ன்னார். அவர் கேள்வியில நியாயம் இருக்கு. நாலாம் நூற்றாண்டுத் துறவி எவாக்ரியுஸ்கூட, வாசிக்கும்போது கொட்டாவி விட்டு, கண்ணைக் கசக்கி, இன்னும் எத்தனை பக்கம்னு எண்ணிப் பார்க்கற ஆளைப் பத்தி அப்படியே நம்மளை ஒளிஞ்சிருந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கார். அதைக் கெட்ட ஆவியோட வேலைன்னும் சொல்லியிருக்கார். ஆனா அண்ணா, அவர் எழுதினது பாலைவனத்துக் குடிசையில இருக்கற துறவிகளுக்கு. சலிப்பு வேற, அசதி வேற. என்னை மாதிரி ஆளைத் திட்டுங்க, வாங்கிக்கறேன். பன்னெண்டு மணி நேரம் மிதிச்சுட்டு வந்தவளுக்கும் எனக்கும் ஒரே மருந்தை ஊத்தாதீங்க. 1948 தொழிற்சாலைச் சட்டமே ஒரு மனுஷனுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம் போதும்னு எழுதி வச்சது. எந்தப் பிரசங்கத்துலயாவது, முதல் வரிசையில உக்கார்ற கம்பெனி ஓனர் அண்ணாச்சிகளைப் பார்த்து, 'ஜனங்களை நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்புங்க, அவங்க வேதம் வாசிக்கணும்'னு ஒருத்தர் சொல்லியிருக்காரா? அவர் பதில் சொல்லலை. டீ ஆறிடுச்சுன்னு குடிச்சார்.

அக்கா அந்த அட்டையை எடுத்து அரிசி டப்பாவுக்கு அடியில போட்டுட்டாங்க. இப்ப ராத்திரி அவங்க வெங்காயம் நறுக்கும்போது ஏழாவது படிக்கற மகள் பக்கத்துல உக்காந்து சத்தமா வாசிக்கறா, பத்து நிமிஷம். போன மாசம் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு முன்வரிசைக்கு வந்தாங்க. எது வரைக்கும் வந்திருக்குக்கான்னு கேட்டேன். ரூத்துல ரெண்டாம் அதிகாரமாம், காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கதிர் பொறுக்கி, அதைத் தட்டி எடுத்து, சுமந்துக்கிட்டு மாமியார் வீட்டுக்கு வர்ற இடம். அந்த இடத்துல பாப்பா வாசிக்கறதை நிறுத்திட்டு, 'அம்மா, ரூத்தும் பீஸ் ரேட்டா?'ன்னு கேட்டாளாம்.