எட்டாத இடத்துக்கு எதுக்குய்யா மெஷின்?

தசரா வந்தா மைசூர்ல ரெண்டு விஷயம் தவறாது. ஒண்ணு, அரண்மனையில கிட்டத்தட்ட ஒரு லட்சம் பல்ப் எரியும். இன்னொண்ணு, ரிங் ரோடு பக்கம் கார் கழுவுற கடைகள்ல "ஆயுத பூஜை பாலிஷ் ஆஃபர்" போர்டு தொங்கும். முதலாவதைப் பார்க்கக் காசு வேண்டாம். ரெண்டாவதுக்கு நான் கொடுத்த காசுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க.

கதவுக் கைப்பிடிக்குப் பின்னாடி ஒரு குழி இருக்கும் பாருங்க, அதுல தங்கமணியோட மோதிரம் கீறிக் கீறி வட்டம் வட்டமாக் கோடு. "அதையும் எடுத்துடலாமா?"ன்னு எனக்குத் தெரிஞ்ச அரைகுறைக் கன்னடத்துல கேட்டேன். "மெஷின் போட்டா எல்லாம் போயிடும் சார்"னாங்க. போச்சு. கீறலோட சேர்ந்து குழி விளிம்புல இருந்த பெயிண்டும் போச்சு. சிவப்புக் காருல சாம்பல் கலர்ல பிரைமர் எட்டிப் பார்க்குது. கேட்டா, "பழைய வண்டி சார், பெயிண்ட் வீக்"னு பதில்.

வீக் எல்லாம் இல்லைங்க. விஷயம் வேற.

பாலிஷ்னா ஏதோ பூசுறதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். அதுக்குக் காரணம் இருக்கு. மர பீரோவுக்கு அரக்கு பாலிஷ் போட்டா அது நிஜமாவே பூசுறதுதான். அரக்கை ஸ்பிரிட்ல கரைச்சு, துணிப் பந்தால தேய்ச்சுத் தேய்ச்சு ஏத்துவாங்க. இந்த ஊர்ல 1937-ல மைசூர் லாக் அண்ட் பெயிண்ட் ஒர்க்ஸ்னு ஒரு ஃபேக்டரி வந்தது. 1962-லேருந்து நம்ம விரல்ல வைக்கிற ஓட்டு மை செய்யறதும் அவங்கதான். ஆனா கார் பாலிஷ் பூசுறது இல்லை, சுரண்டுறது. கீறல் மறையணும்னா, கீறலோட ஆழம் வரைக்கும் சுத்தியிருக்கிற பெயிண்டை இறக்கணும்.

எவ்வளவு இருக்கு இறக்க? மேல இருக்கிற கிளியர் கோட் சுமாரா 40 மைக்ரான். நம்ம தலைமுடி 70 மைக்ரான் வரும். முடியில பாதிதான் நம்ம சொத்து! வெயில்லேருந்து கலரைக் காப்பாத்துறதும் அதுதான். விளிம்பு, மடிப்பு, கைப்பிடி ஓரத்துல எல்லாம் பெயிண்ட் இன்னும் மெல்லிசாத்தான் உட்கார்ந்திருக்கும்.

அந்த இடத்துல கொண்டுபோய் ஆறு இஞ்ச் பேடு போட்ட ரோட்டரி மெஷினை வைக்கிறாங்க. அது குழிக்குள்ள தட்டையா நுழையாது. சாய்ச்சு, ஓரத்தால அமுக்குவாங்க. சுத்துற பேடுல ஓரம்தான் வேகம் அதிகம். மொத்த அழுத்தமும் ஒரு நகக்கண் அளவு இடத்துல. சூடு ஏறாம என்ன செய்யும்? பம்பர் இன்னும் மோசம். அது பிளாஸ்டிக், இரும்பு மாதிரி சூட்டைப் பரப்பி விடாது. பெயிண்ட் தடிமன் பார்க்கிற சாதாரண மீட்டரும் அங்கே வேலை செய்யாது. கண்ணைக் கட்டிக்கிட்டுச் சவரம் பண்ற கதை.

"பேடுல கலர் ஒட்டலையே சார்"னு சமாதானம் வேற. பேடுல கலர் ஒட்டினா கிளியர் கோட் ஏற்கனவே காலின்னு அர்த்தம். ஒட்டலைன்னா தப்பிச்சோம்னு அர்த்தம் இல்லை, எவ்வளவு மிச்சம்னு தெரியாதுன்னு அர்த்தம். மெலிஞ்ச இடம் டெலிவரி அன்னிக்குப் பளபளன்னுதான் இருக்கும். ரெண்டு மூணு வெயில் காலம் போனப்புறம் வெளுத்து, உரியும். அப்போ பில்லும் இருக்காது, கடைக்காரருக்கு ஞாபகமும் இருக்காது.

"அதுக்குத்தான் ஒரு இஞ்ச், ரெண்டு இஞ்ச் பேடு போட்ட குட்டி மெஷின் இருக்கே"ன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்வீங்க. இருக்கு, நல்லாவும் செய்யும். ஓரத்துக்கெல்லாம் டேப் ஒட்டி, நம்பர் பிளேட்டைக் கழட்டி, மெதுவா ஓட்டினா. ஒரு நாளைக்கு நாலு காரு முடிக்கணும்னு நிக்கிற பையனுக்கு அதுக்கு நேரம் யாரு கொடுத்தா? நாம கொடுத்தோமா? "சாயந்திரம் பூஜை, நாலு மணிக்குள்ள வேணும்"னு சொன்னது நான்தானே!

அங்கேதான் நமக்கும் பங்கு இருக்கு. திம்பம் மலையில 27 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஊருக்குப் போய் நிக்கிறப்போ, "வெளியூர்ல இருக்கான், வண்டியைப் பாரு கண்ணாடி மாதிரி"ன்னு நாலு பேரு சொல்லணும். அந்த நாலு பேருல ஒருத்தர் கூடக் கைப்பிடிக் குழிக்குள்ள எட்டிப் பார்க்க மாட்டாங்க. எங்கப்பா வண்டியைச் சுத்தி வந்துட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "டயர்ல காத்து சரியா இருக்காப்பா?"

அதனால நான் சொல்றது இவ்வளவுதான். கைப்பிடிக் குழி, கண்ணாடிக்கு அடியில, பம்பர் மடிப்பு - இங்கெல்லாம் பெரிய மெஷின் வேண்டாம்னு வண்டியை விடறப்பவே சொல்லிடுங்க. நகத்தை வெச்சுத் தடவிப் பாருங்க. நகம் மாட்டினா கீறல் ஆழம், விட்டுடுங்க. மாட்டலைன்னா நல்லாக் கழுவிட்டு, சின்ன ஃபோம் துண்டுல பாலிஷ் தொட்டு விரலால தேய்ங்க. பத்து நிமிஷ வேலை. முழுசாப் போகாது, பாதி போகும். பாதி போதும்.

கீறல் இருந்தாலும் அடியில பெயிண்ட் இருக்கும். பெயிண்ட் போனா என்ன இருக்கும்னு பார்க்கணும்னா எங்க வீட்டுக்கு வாங்க, காபியோட காட்டுறேன்.

டிஸ்கி: மோதிரத்தைக் கழட்டச் சொல்லி யாரும் ஐடியா கொடுக்க வேண்டாம். கார் பெயிண்டை விட எனக்கு உயிர் முக்கியம் :-)