அச்சு வார்ப்பும் கை வார்ப்பும்

நம் கடைக்கு வரும் எண்ணெய் பாக்கெட், பிஸ்கட் பாக்கெட்டுகளில் தேதியும் விலையும் புள்ளி புள்ளியாக அச்சாகியிருப்பதைத் தினமும் பார்க்கிறோம். மையைத் துளித்துளியாகத் தெளிக்கும் இங்க்ஜெட் இயந்திரத்தின் வேலை அது. மைக்குப் பதில் பசையைத் தெளித்துப் பீங்கான் உருவங்களையே கட்டலாம் என்று காட்டியவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார். 1989இல் மனுப் போட்டு 1993இல் காப்புரிமை பெற்றார்கள். அலுமினாத் தூளை மெல்லிசாகப் பரப்பி, வேண்டிய இடத்தில் மட்டும் பசையை விழச் செய்து, அதன்மேல் மறுபடி தூள், மறுபடி பசை. ஒட்டாத தூளை நீக்கிச் சுட்டால் உருவம் நிற்கும். உலோகம் வார்க்கும் அச்சுகளைத்தான் அவர்கள் முக்கியமாகக் குறிவைத்தார்கள். மெழுகு மாதிரி வேண்டாம். கணினிப் படம் போதும்.

நம் ஊர் சம்பந்தப்படுவது இங்கேதான். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைக்கிறார்கள். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். அப்புறம் உளிவேலை பாக்கி. விலை அதற்குத்தான்.

இயந்திரமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பழைய மில்லுக்கு உடைந்த பாகம் கிடைக்காமல் அறுவடைக் காலத்தில் கையைப் பிசையும் அரிசி ஆலைக்காரரைக் கேளுங்கள், கும்பிட்டு வரவேற்பார். சிலையையும் அந்த முறையில் வார்க்கலாம். தெரிந்து வாங்குகிறவருக்குத் தெரிந்தே விற்பதில் பாவமில்லை.

நம் கவலை பில்லைப் பற்றியது. பொன்னி என்று சொல்லி வேறு அரிசியைக் கலந்து கொடுத்த கடையின் பெயர் என்ன ஆகும் என்பது மளிகைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுவாமிமலை வெண்கலச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆவது பிரிவு, குறியீட்டைப் பொய்யாகப் போட்ட சரக்கை விற்பவரையும் பிடிக்கிறது. எச்சரிக்கையாகத்தான் இருந்தோம், இன்னாரிடம் வாங்கினோம் என்று காட்டினால்தான் தப்ப வழி. ஆகவே கும்பகோணம், தஞ்சாவூர் பாத்திரக்கடை அன்பர்கள் கொள்முதல் பில்லிலேயே ‘சுவாமிமலை, மெழுகு வார்ப்பு’ என்று எழுதி வாங்க வேண்டும். அச்சு வார்ப்பு வந்தால் அதையும் அப்படியே எழுதித் தனி அலமாரியில் வைக்க வேண்டும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்டுக்கொள்கிறோம். கற்பூரம், ஊதுபத்தி பக்கத்தில் சின்னச் சாமி சிலைகளை வைத்து விற்கும் மளிகைக் கடைகளும் இதில் சேர்த்திதான்.