கத்தரிக்காய் கணக்குல தண்ணி எங்க?

கத்தரிக்காய் போடுறவர்கிட்ட செலவுக் கணக்கு கேட்டுப் பாருங்க. நாத்து, உரம், மருந்து, பறிகூலி, வண்டி வாடகை, கோயம்பேடு கமிஷன்னு வரிசையா சொல்லுவார். தண்ணின்னு ஒரு வரி இருக்காது. பம்புசெட்டுக்கு கரண்ட் இலவசம். மோட்டாரைப் போட்டா தண்ணி சும்மாதானே!

திருவள்ளூர் மாவட்டத்துல அந்த சும்மா தண்ணிக்கும் விலை வந்துச்சு. சென்னை வறட்சியில தவிச்சப்போ, விவசாயக் கிணறுகள்ல இருந்து குடிநீர் வாரியம் காசு கொடுத்து வாங்குச்சு. 2000-களோட ஆரம்பத்துலயும் சரி, 2019-லயும் சரி. காய் விலை ஏறும், இறங்கும். தண்ணிக் காசு நிச்சயம். வித்தவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். நானா இருந்தாலும் வித்திருப்பேன் :-)

ஆனா நிலத்தடி நீருக்கு வரப்பு கிடையாதே. இவர் இறைக்கறதுல பக்கத்து வயல் தண்ணியும் சேர்த்திதான். ஆழமா போர் போட வசதியில்லாதவருக்கும், காய் பறிச்சு கூலி வாங்குற அம்மாவுக்கும் அதுல பைசா வராது. மீஞ்சூர்ல அளவுக்கு மீறி இறைச்சு, கடல் தண்ணியே நிலத்துக்கு அடியில ஏறி வந்துடுச்சு. அதே மீஞ்சூர் பக்கம் 2010-ல கடல்நீரைக் குடிநீராக்குற ஆலையும் வந்துச்சு. வேடிக்கைதான்...

இலவச கரண்டை நிறுத்தச் சொல்லலை. பஞ்சாப்ல 2018-ல ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க. ஒதுக்கின யூனிட்ல விவசாயி மிச்சம் பிடிச்சா, யூனிட்டுக்கு 4 ரூபாய். அதாவது, இறைக்காம விட்டாலும் காசு. மீட்டர்னாலே நம்மாளுங்க சண்டைக்கு வருவாங்க, தெரியும். ஆனா மீட்டர் கையில காசு கொடுத்தா?

உங்க ஊர்ல எப்படி மக்களே?