கராத்தே கூண்டுக்குள் நிற்குமா?

2021-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி. டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இறுதிப் போட்டி நடந்தது.

சவுதி அரேபிய வீரர் தாரெக் ஹமிதி 4 புள்ளி எடுத்திருந்தார். ஈரான் வீரர் சஜாத் கன்ஜாதே ஒரே ஒரு புள்ளி. தங்கப் பதக்கம் ஹமிதிக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போது ஹமிதி காலை உயர்த்தி ஓர் உதை விட்டார். கன்ஜாதே நினைவு இழந்து சாய்ந்தார். அவரைத் தூக்குப் படுக்கையில் வைத்துக் கொண்டு போனார்கள்.

முடிவு என்ன தெரியுமா? உதைத்தவர் தகுதி இழந்தார். மயங்கி விழுந்தவருக்குத் தங்கம்! உதைத்தவருக்கு வெள்ளி!

இது அநியாயம் அல்ல. அந்த விளையாட்டின் சட்டம் அது. அங்கே அடியை அடக்கி அடிக்க வேண்டும். எதிரிக்குக் காயம் உண்டாக்கினால் குற்றம்.

அதே உதையைக் கம்பிக் கூண்டுக்குள் விட்டிருந்தால்? அவர்தான் வெற்றி வீரர்!

அடக்கி அடிக்கப் பழகியவர், அடங்காத சண்டையில் நிற்க முடியுமா? இதுதான் கேள்வி.

கூண்டுச் சண்டை

கூண்டுக்குள் நடப்பது கலப்புச் சண்டை. குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம், கழுத்தை நெரிக்கலாம், கையை முறுக்கலாம். 'போதும்' என்று எதிரி தட்டிவிட்டால் சண்டை முடிந்தது.

1993-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி, அமெரிக்காவில் டென்வர் நகரில் முதலாவது யு.எப்.சி. போட்டி நடந்தது. எடை வரம்பு கிடையாது. பிரேசில் நாட்டு ராய்ஸ் கிரேசி வென்றார். அவர் பயில்வான் போன்றவர் அல்ல, ஒல்லியான மனிதர். ஜியு-ஜிட்சு என்ற பிடி வித்தை அவருக்குத் தெரியும். எதிர்த்து வந்த மூவரும் சரண் அடைந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஜப்பானியக் கராத்தே வீரர் மினோகி இச்சிஹாரா, கிரேசியை எதிர்த்தார். கிரேசி அவரைத் தரையில் தள்ளினார். அதன் பிறகு குத்தும் உதவவில்லை, உதையும் உதவவில்லை.

'கராத்தே வெறும் பகட்டு' என்று பலர் சிரித்தார்கள்.

தகப்பன் கொடுத்த வித்தை

ஆனால் பிரேசிலில் ஒரு வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

ஜப்பானிலிருந்து அங்கே குடியேறிய யோஷிசோ மச்சிடா ஒரு கராத்தே ஆசிரியர். தம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே ஷோட்டோகான் கராத்தே கற்பித்தார். அவர்களில் ஒருவர் லியோட்டோ மச்சிடா.

லியோட்டோ கராத்தேயோடு நிற்கவில்லை. சுமோ மல்யுத்தம் பழகினார். ஜியு-ஜிட்சுவும் கற்றார். யாரும் தம்மை எளிதில் கீழே தள்ள முடியாதபடி செய்துகொண்டார். அதன் பிறகே தகப்பனார் தந்த வித்தை கூண்டுக்குள் பேசியது!

2009-ம் ஆண்டு மே 23-ந் தேதி. இடம் லாஸ் வேகாஸ். எதிரி, அமெரிக்காவின் ரஷாத் எவன்ஸ். அதுவரை இருவருமே தோல்வி கண்டதில்லை. இரண்டாவது சுற்றில் எவன்ஸ் சாய்ந்தார். மச்சிடா சாம்பியன் ஆனார்!

2011-ல் டொரான்டோ நகரில் 55 ஆயிரத்துக்கும் அதிகமான மக்கள் பார்க்க, முன்னாள் சாம்பியன் ராண்டி கூட்டூரை ஒரே உதையில் வீழ்த்தினார். எகிறி முன்னால் உதைக்கும் பழைய கராத்தே உதை அது!

என்ன ரகசியம்?

குத்துச்சண்டைக்காரர் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பார். கராத்தேக்காரர் எட்டாத தூரத்தில் நிற்பார். எதிரி அடி எடுத்து வைக்கும் நொடியில் மின்னல் போலப் பாய்வார், அடிப்பார், விலகுவார். முதல் அடியைப் போடுகிறவருக்கே புள்ளி என்று ஆயிரம் முறை பழகியதன் பலன் இது.

குறையும் உண்டு. கால்களை அகட்டிப் பக்கவாட்டில் நிற்பதால், முன் காலில் எளிதாக உதை விழும். போட்டியில் ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவர் நிறுத்துவார். கூண்டில் நிறுத்த மாட்டார். பாய்ந்து அடித்தவருக்கு உடனே பதிலடி வரும்.

மச்சிடாவுக்கும் அது நேர்ந்தது. 2009 அக்டோபரில் மவுரிசியோ ருவா அவருடைய கால்களில் உதைத்து உதைத்துத் திணற வைத்தார். நடுவர்கள் மச்சிடாவுக்கே வெற்றி தந்தார்கள்; பலர் அதை ஏற்கவில்லை. 2010 மே மாதம் மீண்டும் மோதினார்கள். மச்சிடா பாய்ந்து வந்தபோதே ருவாவின் குத்து விழுந்தது. முதல் சுற்றிலேயே பட்டம் போயிற்று!

கனடாவின் ஜார்ஜ் செயின்ட் பியர் சிறு வயதில் கியோகுஷின் கராத்தே படித்தவர். பிறகு மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜியு-ஜிட்சு எல்லாம் கற்றார். இரண்டு எடைப் பிரிவுகளில் பட்டம் வென்றார். ஆஸ்திரேலியாவின் ராபர்ட் விட்டேக்கரும் கராத்தேயில் தொடங்கிச் சாம்பியன் ஆனவர்தான்.

எது சரி?

'கராத்தே பயன் இல்லை' என்பது தவறு. 'கராத்தே மட்டும் போதும்' என்பது அதைவிடப் பெரிய தவறு. முதல் தவறு ஒரு நல்ல வித்தையை இழக்கச் செய்யும். இரண்டாவது தவறு பிள்ளையின் உடம்புக்கே ஆபத்து.

இடுப்பில் கறுப்புப் பட்டை இருக்கிறது என்பதற்காக ஒருவரைக் கூண்டுக்குள் அனுப்பக் கூடாது. கீழே தள்ளினால் எழத் தெரியுமா? காலில் உதைத்தால் தடுக்கத் தெரியுமா? முகத்தில் குத்து விழுந்தால் நிதானம் இருக்குமா? பட்டையின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்பு பெற்றோர் இதைக் கேட்க வேண்டும். நல்ல ஆசிரியர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

கராத்தே நல்ல அடித்தளம். அடித்தளம் இல்லாத வீடு சரியும். ஆனால் வெறும் அடித்தளத்தில் குடியிருக்க முடியுமா? மேலே சுவரும் கூரையும் வேண்டும்!