மெசின் வாங்குமுன் வேலை படிப்போம்

நோன்புப் பெருநாள் நெருங்கினால் எமது புடவைக் கடைகளுக்கு வரும் பெண்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது பூ வேலை செய்த ஹபாயாக்களைத்தான். வெறும் கறுப்பு ஹபாயாவுக்கும், கையிலும் ஓரத்திலும் பூ வேலை செய்ததற்கும் உள்ள விலை வித்தியாசம் வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். அந்த வித்தியாசம் யாருடைய பைக்குப் போகிறது? பெரும்பாலும் மன்னாரைத் தாண்டித்தான் போகிறது. 2022இல் ரூபாயின் பெறுமதி விழுந்தபோது, வெளியிலிருந்து வரும் சரக்கை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நாம் கண்டோம்.

இதனால் எம்பிரொய்டரி மெசின் வாங்க யோசிக்கும் சகோதரர்கள் சிலர் ஆலோசனை கேட்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். மெசினுக்கு முற்பணம் கட்டுமுன், உங்கள் குடும்பத்தில் ஒருவரை டிஜிட்டைசிங் படிக்க வையுங்கள்.

கணினி மெசின் தானாக எதையும் யோசிப்பதில்லை. ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும், எங்கே நூலை வெட்ட வேண்டும் என்று ஒரு பைல் சொல்கிறது. மெசின் அதைச் செய்கிறது. ஒரு படத்தை அப்படியான பைலாக மாற்றுவதே டிஜிட்டைசிங். முன்னர் படத்தை ஆறு மடங்கு பெரிதாக வரைந்து, ஒவ்வொரு தையலையும் குறித்து, கடதாசி நாடாவில் துளையிடுவார்கள். அதனால்தான் இத்தொழிலில் 'பஞ்சிங்' என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

இப்போது கணினியில் படத்தைப் போட்டு ஒரு பொத்தானை அமுக்கினாலும் பைல் வந்துவிடும். ஆனால் கணினிக்குத் துணியின் குணம் தெரியாது. தையல் துணியை இழுக்கும். வட்டமாகப் போட்ட பூ, தையல் ஓடும் திசையில் சுருங்கி முட்டை வடிவமாகிவிடும். அதை அறிந்தவர் அந்தத் திசையில் சற்று அகலம் கூட்டி வரைவார். எழுத்துக்கும் மெல்லிய இதழுக்கும் சற்றின் தையல் அழகு. ஆனால் அகலம் 7, 8 மில்லிமீற்றரைத் தாண்டினால் நூல் தளர்ந்து வளையலில் மாட்டும். அங்கே நிரப்புத் தையல் போட வேண்டும். வழக்கமான 40ஆம் இலக்க நூலுக்கு வரிசைகளிடையே சுமார் 0.4 மில்லிமீற்றர் இடைவெளி போதும். அதைவிட நெருக்கினால் மெல்லிய துணி சுருங்கும், நூலும் அறும்.

இதில் காசுக் கணக்கும் உண்டு. நிமிடத்துக்கு 800 தையல் போடும் ஒருதலை மெசினில் 12,000 தையல் கொண்ட பூவுக்கு 15 நிமிடம். அதே பூவைக் கவனமின்றி 16,000 தையலாகச் செய்தால் 20 நிமிடம். 60 ஹபாயாவுக்கு 5 மணித்தியாலம் வீண். மின்சாரம், நூல், கூலி எல்லாம் அதனுடன் போகும்.

அமானிதமும் உண்டு. மேல் தையலுக்கு அடியில் துணியைப் பிடித்து வைக்க ஒரு அடித்தையல் போட வேண்டும். வாங்குபவர் கண்ணுக்கு அது தெரியாது. அதை விட்டுவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், சில கழுவலில் பூ நெளியும். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தை நாம் அறிவோம். அடுத்தவர் டிசைனைக் களவாடுவதும் அப்படித்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அதைத் தடுக்கிறது. கள்ளப் பிரதி சொப்ட்வெயாரும் நமக்குத் தேவையில்லை. இங்க்ஸ்கேப்புடன் இயங்கும் 'இங்க்ஸ்டிச்' இலவசமாகவே கிடைக்கிறது. படிக்க அது தாராளம்.

எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் முசலியிலும் தையல் தெரிந்த எமது பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். துணி எப்படி இழுபடும் என்பது அவர்களுடைய விரலுக்குத் தெரியும். கணினி மட்டும் தெரிந்தவரைவிட இந்த வேலை அவர்களுக்கு விரைவில் கைவரும். வீட்டிலிருந்தே செய்யலாம். செய்த பைல் ஒரு நொடியில் புத்தளத்துக்கும் கொழும்புக்கும் போகும், லொறிக் கூலி இல்லை. சொந்த மெசின் இல்லாமலே உழைக்க முடியும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் எம்மை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது கடையையும் சரக்கையும் தையல் மெசினையும் விட்டுவிட்டுத்தான் வந்தோம். மன்னார்த் தீவிலிருந்து தோணியில் கற்பிட்டிக் கரை இறங்கிய குடும்பங்கள் பலவற்றுக்குக் கையில் தெரிந்த தொழிலே முதல் சோறு போட்டது. 2009க்குப் பின் திரும்பி வந்து மீண்டும் முதல் போட்டுக் கடை கட்டுகிற நாம் அதை மறக்கலாமா?

மெசினுக்கு ஒதுக்கிய பணத்தில் சிறு பங்கை முதலில் படிப்புக்குக் கொடுங்கள். பைல் செய்து நாலு பேரிடம் ஓடர் பிடித்த பின், வட்டிக்குப் போகாமல் மெசின் வாங்குவோம், இன்ஷா அல்லாஹ்.